நாற்பதைக் காட்டிய முள்

வலது காதில் இரைச்சல் தொடங்கியபோது பிரகதீஸ்வரி அதை ஃபேன் சத்தம் என்றுதான் நினைத்தாள். கரண்ட் போய் ஃபேன் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. வண்டு ஒன்று காதுக்குள் உட்கார்ந்துகொண்டு விடாமல் ரீங்கரிப்பதுபோல் இருந்தது. திருச்சியில் காது மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்தக் காதில் கேட்கும் திறன் குறையத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார்.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"புதுக்கோட்டையில டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன் சார்."

"ஸ்கூல் கார் இவ்வளவு சத்தம் போடாதே. வேற எங்கயாவது இரைச்சல்ல இருக்கீங்களா?"

அப்போதுதான் அவள் அந்த இன்னொரு காரைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அந்தச் சத்தத்தைக் குறைங்க. இல்லேன்னா அந்தக் காரை விடுங்க. போன காது திரும்பி வராது. இருக்கிறதையாவது காப்பாத்திக்கங்க."

பிரகதீஸ்வரி திருமயத்து லாரி டிரைவர் ஒருவரின் மகள். கல்லூரி முடித்த கையோடு ஒரு டிரைவிங் ஸ்கூலில் கணக்கு எழுதப் போனாள். பெண்களுக்குக் கற்றுத்தர ஆள் இல்லை என்று ஒருநாள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தவள், பிறகு மேசைக்குத் திரும்பவேயில்லை. இன்று அவளுக்கென்று சொந்தப் பள்ளி இருக்கிறது. நர்ஸுகள், டீச்சர்கள், புருஷன் துபாயில் இருக்கும் அறந்தாங்கிப் பெண்கள் என்று மாவட்டத்தில் பாதிப் பெண்கள் அவளிடம்தான் கற்றுக்கொண்டார்கள். "முள்ளை மொறச்சுப் பாக்காதீங்க, எஞ்சினைக் கேளுங்க. அதுவே ஸ்பீடைச் சொல்லும்" என்பாள். கியர் மாற்றுவதைக்கூடக் கண்ணை ரோட்டில் வைத்துக் காதால் செய்யச் சொல்லித்தருவாள்.

அந்தக் கார் அவளுக்கு அறந்தாங்கிப் பக்கம் கிடைத்தது. பயிற்சிக்கு ஒரு பழைய ஜீப் பார்க்கப் போன இடத்தில், மூடிக் கிடந்த அரிசி மில்லின் கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் அது நின்றது. இங்கிலாந்தில் செய்து, எழுபது வருடங்களுக்கு முன்னால் கப்பலில் வந்திறங்கிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, மடக்கி வைக்கும் கித்தான் கூரை, கம்பி போட்ட சக்கரங்கள். சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. மில்லின் வாரிசுகள் மலேசியாவில் இருந்தார்கள். எடுத்துப்போகிறவர்களுக்கு அதைக் கொடுத்துவிடத் தயாராக இருந்தார்கள். ஜீப்பை விட்டுவிட்டு அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கீரனூரில் திருச்சி ரோட்டோரம் பட்டறை வைத்திருக்கும் சார்லஸ் அதை உயிர்ப்பிக்கப் பல வருடங்கள் எடுத்துக்கொண்டான். மஸ்கட்டில் பெரிய கராஜில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் அவன். அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவான்.

ஊருக்குள் அது சாதுவான வண்டி. ஹைவேயில் ஏறினால்தான் கதை மாறும். நான்கே கியர். வளைவும் மேடும் நிறைந்த குறுகலான சாலைகளுக்காகச் செய்தது. சக்கரத்தை ஒருமுறை சுற்ற வைக்க எஞ்சின் ஐந்து முறை சுற்ற வேண்டும். அதன் மீட்டர் மைல் கணக்கில் காட்டும். ஐம்பது மைலில், அதாவது எண்பது கிலோமீட்டரில், நிமிடத்துக்கு எஞ்சின் எத்தனை சுற்று என்று காட்டும் பக்கத்து ஆர்பிஎம் முள் மூவாயிரத்து ஐந்நூறில் நின்று நடுங்கும். இன்னும் ஒரு கியர் போட மாட்டாளா என்று எஞ்சின் கதறுவதுபோல் இருக்கும். போட இன்னொரு கியர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைவரை போய்வருவாள். வீட்டுக்கு வந்து இறங்கினால் கணவன் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும்.

கணவன் அன்புமொழி, அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். டாக்டர் சொன்னதைக் கேட்டதும், "வித்துரு ஈஸ்வரி" என்றார்.

"மொதல்ல சத்தத்தைக் கொறச்சுப் பாக்குறேங்க."

சார்லஸ் இரண்டு வழி சொன்னான். ஐந்து கியர் கொண்ட புதிய பெட்டி வைக்கலாம். ஆனால் காரின் தரையை வெட்ட வேண்டும். அவள் மாட்டேன் என்றாள்.

"அப்ப எஞ்சின்லயும் கியர்லயும் கையை வைக்க வேணாங்க்கா. பின்னாடி ஆக்ஸில்ல கிரவுன் பல்சக்கரத்தை மாத்துவோம். ஷாஃப்ட் அஞ்சு சுத்துக்கு ஒரு சுத்து வர்ற வீலு, இனிமே நாலு சுத்துக்கே வந்துரும். அம்பது மைல்ல ரெண்டாயிரத்து எண்ணூறுதான் இருக்கும், பாருங்க. மேட்டுல கொஞ்சம் சோம்பேறியாகும். நேர் ரோட்டுல பூ மாதிரி போகும்."

மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவள் தம்பி வெற்றிசெல்வன் அந்தப் பல்சக்கர ஜோடியை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, ஊருக்கு வந்த ஒருவர் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பினான். சார்லஸ் வேலையை முடித்துவிட்டு, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன் செய்தான்.

அவள் பஸ்ஸில் கீரனூர் போய் இறங்கினாள். கொட்டகைக்குள் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்ததும் சார்லஸ் வலப்பக்கம் வந்து குனிந்து, மீட்டர்கள் இருக்கும் பலகையை விரலால் தட்டி ஏதோ சொன்னான். பெட்ரோல் கொஞ்சமாக இருக்கிறது என்கிறான் போல என்று நினைத்துத் தலையாட்டினாள். அவன் சிரித்துவிட்டு நகர்ந்தான்.

புதுக்கோட்டை ரோட்டில் ஏறி நாலாவது கியர் போட்டதும் அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது. கதறல் இல்லை. எஞ்சின் அடித்தொண்டையில் பேசிக்கொண்டு போனது. சந்தோஷத்தில் சிரித்தேவிட்டாள். அதன் பிறகுதான் முட்களைப் பார்த்தாள். மைல் முள் நாற்பதில் இருந்தது. ஆர்பிஎம் முள் இரண்டாயிரத்து எண்ணூறில்.

அவள் முகம் சுருங்கியது. ஐம்பதில் காட்ட வேண்டியதை நாற்பதிலேயே காட்டுகிறதே. நாற்பதில் முன்னாலும் இவ்வளவுதானே இருந்தது? இத்தனை பாடுபட்டும் ஒன்றும் குறையவில்லையா? ஐம்பதுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் அந்தச் சாலையில் நார்த்தாமலைக்குப் பிரியும் விலக்கு வரும்வரை நாற்பதுக்கு மேல் போவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தாள். காற்று மட்டும் இன்று ஏனோ முகத்தில் பலமாக அறைந்தது. வேகம் அதே நாற்பது, எஞ்சின் சத்தமும் அதே நாற்பதின் சத்தம். சார்லஸிடம் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே விலக்குக்கு முன்னாலிருக்கும் புளியமரத்தைத் தாண்டினாள்.

விலக்கிலிருந்து ஒரு மொபெட் வெளியே வந்தது. பின்னால் பெரிய புல்கட்டு. ஓட்டி வந்தவர் நின்று, அவள் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு, சாலையைக் குறுக்கே கடக்கக் கிளம்பினார்.

அவள் பதறவில்லை. நேரம் இருந்தது. காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தாள். எப்போதும் காலை எடுத்ததுமே எஞ்சின் வண்டியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும். இன்று இழுக்கவில்லை. பிரேக்கில் கால் வைத்தாள். மொபெட் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. முழு பலத்தோடு மிதித்தாள். டயர்கள் கிறீச்சிட்டன. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். எதிரே லாரி எதுவும் வராதது அவள் அதிர்ஷ்டம். இடது மட்கார்டு புல்கட்டில் மோதியது. மொபெட் ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது.

கார் நின்றபோது சாலை முழுக்கப் புல் சிதறிக் கிடந்தது. அதற்கு நடுவே அவர் தன் காலைப் பிடித்துக்கொண்டு, ஆச்சரியப்பட்டவர்போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே கால் வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

அவள் ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள். நூற்றெட்டுக்குப் போன் செய்தாள். அவசரத்தில் இரண்டுமுறை தவறாக அழுத்தினாள். அதற்குள் விலக்கு டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் காரிலிருந்து சாவியை உருவினான். இன்னொருவன் பானெட்டை ஓங்கி அறைந்தான்.

"ஓப்பன் காருல ஊர்வலமா வாராக! ரோடு ஒங்க அப்பன் வீட்டு ரோடா?"

"கொளுத்துங்கடா அந்த வண்டியை."

"யாரும் அவரைத் தூக்காதீங்க, காலை அசைக்காதீங்க" என்று அவள் கத்தினாள். தன் துப்பட்டாவால் இரண்டு குச்சிகளை வைத்து அவர் காலைக் கட்டினாள். அதைப் பார்த்துக் கூட்டத்தின் குரல் கொஞ்சம் தணிந்தது. டீக்கடைக்காரர் பெரியண்ணன் மட்டும் விடவில்லை.

"எத்தனையில வந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"நாப்பது மைல்ங்க. அறுபது, அறுபத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கும்."

"பொய்யி. எம்பதுக்குக் கொறையாது. நான் கடையிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நான் மீட்டரைப் பாத்துக்கிட்டுத்தாங்க வந்தேன். சத்தியமா நாப்பதுதான்."

அது சத்தியம் என்றே அவள் நம்பினாள்.

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றியது. அவர் பெயர் ஐயனார், பக்கத்து ஊர், ஆடு வளர்ப்பவர். பின்னாலேயே போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அவள் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"டிரைவிங் ஸ்கூல் மேடமா? எங்க வீட்டம்மா ஒங்ககிட்டதான் கத்துக்கிட்டாங்க." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லித்தர்றவங்க இவங்க. அவங்களுக்குத் தெரியாதா ஸ்பீடு? சைடு ரோட்டுலேர்ந்து மெயினுக்கு வர்றவன்தான் நின்னு பாக்கணும். ஹெல்மெட்டும் இல்ல" என்றார்.

பெரியண்ணன் கடைக்குத் திரும்பினார். எல்லோரும் கலைந்தார்கள். அவள் சொன்ன நாற்பது அப்படியே எழுதப்பட்டது. விலக்கில் கவனிக்காமல் கடந்தவர் ஐயனார் என்று ஆயிற்று.

மறுநாள் பழங்களோடு புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அன்புமொழியும் கூட வந்தார். ஐயனாருக்குக் காலில் கம்பி வைத்திருந்தார்கள். கட்டிலின் ஓரத்தில் மனைவி இருளாயி உட்கார்ந்திருந்தாள். மகள் ரம்யா நின்றுகொண்டிருந்தாள். பி.காம். முடித்துவிட்டு, தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண்.

"சாரி மேடம். எங்கப்பாவாலதான் ஒங்களுக்கும் கஷ்டம்" என்றாள் ரம்யா. அந்த வார்த்தை பிரகதீஸ்வரிக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பாத்துட்டுத்தான் தாயி திருப்புனேன்" என்றார் ஐயனார். கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒங்க காரு புளியமரத்துக்கிட்ட வந்துச்சு. சத்தத்தையும் கேட்டேன், மெதுவாத்தான் வருதுன்னு நெனச்சேன். எத்தனையோ வருசமா அந்த வெலக்குல திரும்புறேன். மரத்துக்கிட்ட வண்டி இருந்தா நான் தாண்டிப்புடுவேன். அது எப்புடி அதுக்குள்ள வந்துச்சுன்னு தெரியல. கண்ணு போயிருச்சு போல எனக்கு."

"கண்ணுதான். ஆறு மாசமாவே நான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் ரம்யா. "இனிமே வண்டி கெடையாது. சாவியை நான் எடுத்து வச்சுட்டேன்."

"அப்ப புல்லு? அம்புட்டு ஆட்டுக்கும் நான் தலையில தூக்கிட்டு வரவா?" என்றாள் இருளாயி.

"ஆட்டை வித்துருங்க. அப்பா உசுரு பெருசா, ஆடு பெருசா?"

டாக்டர் காலையில் ஐயனாரிடம் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டாராம். பயத்தில் ஐயனார் தப்பாகச் சொல்லிவிட்டாராம். கையை மார்பில் வைத்து விரல்களைத் தானே எண்ணிப் பார்ப்பதுபோல மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நாலு நாளாகியும் அந்த விரல்களே அவள் கண்ணில் நின்றன. போலீஸ் விடுவித்த கார் சார்லஸ் பட்டறைக்குப் போயிருந்தது, நசுங்கிய மட்கார்டைச் சரிசெய்ய. அவனுக்குப் போன் செய்து, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபத்தைக் கொட்டினாள்.

"என்ன தம்பி வேலை பாத்து வச்சிருக்க? அம்பதுல ரெண்டாயிரத்து எண்ணூறு காட்டும்னு சொன்ன. நாப்பதுலயே காட்டுச்சே?"

எதிர்ப்பக்கம் பட்டறையில் யாரோ சுத்தியலால் தட்டும் ஓசை கேட்டது.

"அக்கா" என்றான் சார்லஸ் மெல்ல. "மீட்டர்ல நாப்பதா?"

"மீட்டர்லதான். வேற எதுல பாப்பாங்க?"

"மீட்டர் தப்பாக் காட்டும்னு அன்னிக்கே சொன்னேனேக்கா. மீட்டர் கேபிள் கியர் பெட்டியிலேர்ந்துதான் வருது. நாம மாத்துனது அதுக்குப் பின்னாடி. மீட்டருக்கும் எஞ்சினுக்கும் எதுவும் மாறலை. வீலுதான் வேகமாச் சுத்துது. அது நாப்பது காட்டுனா வண்டி அம்பதுல போகுதுன்னு அர்த்தம். சின்ன அடாப்டர் ஒண்ணு வரணும், அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்கன்னு சொன்னேன்ல?"

"எங்கிட்டயா சொன்ன?"

"ஒங்ககிட்டதான். வண்டியில உக்காந்திருந்தீங்க. மீட்டரைத் தட்டிக் காமிச்சேன். தலையாட்டுனீங்களேக்கா."

அவள் போனை மேசையில் வைத்துவிட்டாள். சார்லஸ் அதற்குள்ளிருந்து "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு கணவனையும் அழைத்துக்கொண்டு கீரனூருக்குப் போய்க் காரை எடுத்தாள். அன்புமொழி தன் செல்போனில் வேகம் காட்டும் செயலியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். ஆளில்லாத நேர்ச்சாலையில் முள்ளை நாற்பதில் நிறுத்தினாள். ஆர்பிஎம் இரண்டாயிரத்து எண்ணூறு. எஞ்சின் அன்றுபோலவே அமைதியாகப் பேசியது.

"எவ்வளவுங்க காட்டுது?"

அவர் செயலியை மூடித் திரும்பத் திறந்தார்.

"சொல்லுங்க."

"எண்பது."

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். மீட்டரும் பொய், சத்தமும் பொய். முகத்தில் அறைந்த காற்று மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறது. அவள் அதைக் கேட்கவில்லை. பெரியண்ணன் சொன்னது சரி. ஐயனார் கேட்டது மெதுவாக வரும் ஒரு காரின் சத்தம். வந்தது வேகமாக வந்த கார். அவர் கண்ணில் ஒன்றுமில்லை.

"நான் போயி சொல்லணுங்க" என்றாள்.

அன்புமொழி செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் கோழை அல்ல. ஆனால் கணக்குப் போடத் தெரிந்தவர். "நீ வேணும்னு செய்யலை. எண்பதுல போறது அந்த ரோட்டுல குத்தமும் இல்லை. சொன்னா கேஸு ஒம்பேர்ல திரும்பும். லைசென்ஸைப் பிடுங்குனா ஸ்கூல் என்னாகும்? ஆக்ஸிடென்ட் பண்ணுன டீச்சர்கிட்ட யாரு பொண்ணை அனுப்புவாங்க? ஆஸ்பத்திரிச் செலவை நாம பாத்துக்குவோம், கூட இருந்து உதவி பண்ணுவோம். அது போதாதா?"

"அந்த மனுசன் தன் கண்ணையே நம்பாமக் கெடக்குறாருங்க. அதுக்கு நாம என்ன உதவி பண்ணுறது?"

வண்டியிலிருந்து இறங்கும்வரை அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஐயனாரை அதற்குள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிரகதீஸ்வரி தனியாக பஸ்ஸில் போனாள். அவர் வாசல் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். கொட்டடியில் பாதி ஆடுகள் இல்லை. இருளாயி ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. நின்றபடியே, எதையும் மழுப்பாமல், பின்சக்கரத்தில் என்ன மாற்றினாள், மீட்டர் ஏன் தவறாகக் காட்டியது, அன்று உண்மையில் எத்தனையில் வந்தாள் என்று சொல்லி முடித்தாள்.

ஐயனார் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப வண்டி வேகமாத்தான் வந்துச்சா?"

"ஆமாங்கய்யா. நாப்பதுல வந்திருந்தா நீங்க தாண்டிருப்பீங்க. ஒங்க கணக்கு சரிதான்."

"ஏ இருளாயி, கேட்டியா?" அவர் குரல் உடைந்தது. "எங் கண்ணுல ஒண்ணுமில்லையாம். காருதான் வேகமா வந்துச்சாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கால் முறிந்ததை அவர் அந்த நிமிடம் மறந்தேவிட்டார் என்று தோன்றியது.

வீட்டுக்குள்ளிருந்து ரம்யா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இதைச் சொல்லத்தான் வந்தீங்களா மேடம்?"

"ஆமாம்மா."

"சொல்லிட்டீங்க. ஒங்களுக்கு மனசு லேசாயிருக்கும். எங்களுக்கு? நான் எங்கப்பாவைக் குருடன்னு திட்டிட்டேன். ஆட்டை வித்துட்டோம். தப்பு இவரு மேலன்னு போலீஸ்ல எழுதிட்டதால இன்சூரன்ஸ்லயும் ஒண்ணும் நடக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. வேப்பமரத்தடியில சொல்லிட்டுப் போனா ஆச்சா? எங்க எழுதுனாங்களோ அங்க வந்து சொல்லுவீங்களா?"

இருளாயி, "ஏய், பெரியவங்ககிட்ட இப்புடியா பேசுவ?" என்று மகளின் கையைப் பிடித்தாள். ரம்யா கையை உதறினாள்.

பஸ்ஸில் வரும்போது பிரகதீஸ்வரி இந்தக் கட்டில்வரைதான் யோசித்திருந்தாள். அதற்கு அங்கிட்டு என்ன என்று யோசிக்க மனம் துணியவில்லை. அந்தப் பெண் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"சொல்றேன்" என்றாள் பிரகதீஸ்வரி.

ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் சார்லஸிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவனைச் சிக்கலில் மாட்டிவிட அவளுக்கு விருப்பமில்லை. கேட்டதும் அவன் முகம் கறுத்தது. "என் பட்டறை பேரு நாறிப்போகும்க்கா. அவன் கை வச்ச வண்டி ஆளைத் தட்டிருச்சும்பாங்க."

"நீ சொன்னதும் உண்மை. என் காதுல விழாததும் உண்மை. ஒம்பேரை நான் இழுக்க மாட்டேன் தம்பி. விழாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். முள்ளு ரெண்டும் முன்னைப் போலவே இருக்குன்னு பாத்தேனே, ஏன்னு யோசிச்சிருக்கணும்."

ஆனால் அவள் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றபோது சார்லஸ் பைக்கைச் சாய்த்துவிட்டு அங்கே காத்திருந்தான். கையில் பழைய பல்சக்கரம், எண்ணெய் வடியும் துணியில் சுற்றியபடி. "சும்மா சொன்னா நம்ப மாட்டாங்க, காட்டுனாத்தான் புரியும்" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க தலையாட்டுனதைப் பாத்துட்டு நானும் விட்டுட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கணும்" என்றான்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல்தான் வந்தது.

"முடிஞ்சுபோனதை எதுக்கும்மா கிளறுறீங்க? அவருகூட ஒண்ணும் கேக்கலை."

"அவரு கேக்காததுக்குக் காரணம் நான் சொன்னதை நீங்க நம்புனதுதான் சார். நான் சொன்னது தப்பு."

"தெரிஞ்சு சொன்னீங்களா?"

"தெரியாமச் சொன்னேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அவர் நாற்காலியில் சாய்ந்து அவளையும், மேசையில் எண்ணெய்க் கறை படிய உட்கார்ந்திருந்த பல்சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது மேடம். எழுதிட்டா எழுதுனதுதான்."

"எழுதுங்க சார்."

கையெழுத்துப் போட்டபோது அவளுக்குத் தன் பெயரின் எழுத்துகளே மறந்துபோனதுபோல் இருந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். சார்லஸ் எங்கிருந்தோ டீ வாங்கி வந்தான்.

அதன் பிறகு நடந்தது அன்புமொழி பயந்தபடியேதான் பாதி. வழக்கு அவள் பேருக்குத் திரும்பியது. கோர்ட்டில் கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினாள். லைசென்ஸைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். விஷயம் பேப்பரில் மூலையில் வந்தது. சேர்ந்திருந்தவர்களில் சிலர் வேறு பள்ளிக்குப் போனார்கள். அவளிடம் முன்பு கற்றுக்கொண்டு, பிறகு பயிற்றுநர் ஆன மோகனப்ரியா என்ற பெண் வகுப்புகளை ஏற்று நடத்தினாள். பள்ளியை மூடும்படி ஆகவில்லை. ஆனால் ஒரு பயிற்சிக் கார் குறைந்தது. அன்புமொழி அந்த மாதங்களில் குத்திக்காட்டி ஒரு சொல் சொல்லவில்லை. ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு எல்லா வாய்தாவுக்கும் அவரே கூட்டிப்போனார்.

ஐயனார் தரப்பின் இழப்பீட்டு வழக்கு தனியாக நடந்தது. சாட்சி சொல்ல அவளையும் அழைத்தார்கள். கோர்ட்டு வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். பெஞ்சில் ரம்யா, இருளாயி, ஊன்றுகோலோடு ஐயனார். ரம்யா இவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். மன்னிப்பு என்ற பேச்சே அவர்களுக்குள் வரவில்லை; இவளும் கேட்கவில்லை. ஐயனார்தான் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இங்கிட்டு வா தாயி. எம்புட்டு நேரம் நிப்ப?"

ரம்யா ஒருகணம் அசையாமல் இருந்தாள். பிறகு பக்கத்திலிருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிரகதீஸ்வரி போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பெயர் கூப்பிடுவது கேட்க வேண்டும் என்பதற்காக, இடது காது கதவுப் பக்கம் இருக்கும்படி திரும்பிக்கொண்டாள். ஐயனார் தான் மறுபடி மொபெட் ஓட்டத் தொடங்கிவிட்டதையும், சந்தையில் புதிதாக இரண்டு குட்டிகள் பிடித்திருப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தார். "மேடம், ஒங்களைத்தான் கூப்பிடுறாங்க" என்று அவளிடம் முதலில் சொன்னது ரம்யா. பிரகதீஸ்வரி எழுந்து உள்ளே போனாள்.